குடும்ப கம்பெனி, நச்சு மண், கமிஷன்: மாசு அகற்றும் நிறுவனத்தில் உண்மையில் முடிவெடுப்பது யார்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மேன்வில் என்று ஒரு சின்ன ஊர். 1996-ல் அங்குள்ள ஒரு வீட்டில், ஊற்று நீரை வெளியேற்றும் குழியிலிருந்து தார் மாதிரி ஒரு கருப்புக் குழம்பு வெளியே வந்தது. அதிகாரிகள் தோண்டத் தோண்ட ஒரு பழைய கதை வெளிவந்தது. அந்தக் குடியிருப்பு இருக்கும் இடத்தில் 1950-களின் நடுப்பகுதி வரை ஒரு தொழிற்சாலை ஓடியிருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்கான மரக்கட்டைகள் மக்கிப் போகாமலிருக்க, அவற்றை கிரியோசோட் என்ற எண்ணெயில் ஊற வைப்பதுதான் அங்கே வேலை. மிச்சமான எண்ணெய் குட்டைகளிலும் கால்வாய்களிலும் தேங்கியது. ஆலை மூடப்பட்டதும் அதன்மேல் மண்ணைப் போட்டு, 1960-களில் 137 வீடுகளும் ஒரு வணிக வளாகமும் கட்டிவிட்டார்கள்.

1999-ல் இந்த இடம், அமெரிக்காவில் அவசியம் சுத்தப்படுத்த வேண்டிய நச்சு இடங்களுக்கான 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில் சேர்ந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 4.5 லட்சம் டன் மண் அள்ளப்பட்டது. செலவு 30 கோடி டாலருக்கும் மேல். அந்த மண்ணை அள்ளும் முதன்மை ஒப்பந்தம் நயாகரா ஃபால்ஸ் நகரைச் சேர்ந்த ஒரு குடும்ப நிறுவனத்திடம் இருந்தது. பெயர் செவன்சன் என்விரான்மென்டல் சர்வீசஸ்.

மண் சுத்தமானது. ஆனால் அதே வேலையில் நடந்த கமிஷன் மோசடியில், அந்த நிறுவனத்தில் பணியாற்றிய திட்ட மேலாளர் ஒருவருக்கு 14 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு குடும்ப நிறுவனத்தின் 'தலைமைக் குழு' என்று சொன்னால் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த செவன்சன்?

நயாகரா ஃபால்ஸ் என்றதும் நமக்கு அருவிதான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கோ ரசாயன ஆலைகளும் சேர்ந்தே ஞாபகம் வரும். அருவியில் கிடைத்த மலிவான மின்சாரத்தை நம்பி வந்த ஆலைகள் அவை. எலியா குடும்பத்தின் கட்டுமானத் தொழில் அங்கே 1917-ல் தொடங்கியது. கட்டடம், பள்ளம், குழாய் என்று சாதாரண காண்ட்ராக்ட் வேலைகள்தான். பிறகு சொந்த ஊரிலேயே அமெரிக்காவின் மிகப் பெரிய நச்சு மண் விவகாரம் வெடித்தது. அதுதான் லவ் கெனால்.

ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை, பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாய்க்குள் சுமார் 20 ஆயிரம் டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. பிறகு அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு உள்ளூர் பள்ளிக் கல்வி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978 ஆகஸ்ட்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவசர நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டி மக்களைத் திரட்டினார். கடைசியில் 900-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. 1980 டிசம்பரில் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்துக்கு இந்த விவகாரமும் முக்கியக் காரணம்.

அந்தச் சட்டம் ஒரு புதுத் தொழிலையே உருவாக்கியது. நச்சு மண்ணைத் தோண்ட, மூட, ஏற்றி அனுப்ப ஆள் வேண்டும். புல்டோசரும் பொக்லைனும் வைத்திருந்த உள்ளூர் காண்ட்ராக்டர்கள் இதில் நுழைந்தார்கள். லவ் கெனால் வேலைகளில் இறங்கிய செவன்சனும் அப்படி வளர்ந்த நிறுவனம்தான். வீடு கட்டிக்கொண்டிருந்த குடும்பம், வீட்டுக்கு அடியில் இருந்த விஷத்தை எடுக்கும் குடும்பமாக மாறியது.

குடும்பத்துக்கு ஏன் இந்தத் தொழிலில் இவ்வளவு இடம்?

முதல் காரணம் ஜாமீன். அமெரிக்க அரசு வேலை எடுக்க வேண்டுமென்றால், 1935-ல் வந்த மில்லர் சட்டத்தின்படி காண்ட்ராக்டர் 'ஷ்யூரிட்டி பாண்டு' கொடுக்க வேண்டும். வேலையைப் பாதியில் விட்டு ஓடினாலோ, துணைக் காண்ட்ராக்டருக்கும் சரக்கு கொடுத்தவருக்கும் பணம் தராமல் விட்டாலோ, பாண்டு கொடுத்த நிறுவனம் அந்த நஷ்டத்தை ஏற்கும். ஆனால் அந்த நிறுவனம் சும்மா கையெழுத்துப் போடுமா? பங்குகள் எல்லாம் ஒரு குடும்பத்திடம் இருந்தால், வழக்கமாக உரிமையாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்கும். பல நேரங்களில் கணவன், மனைவி இருவருமே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதாவது, தப்பு நடந்தால் கம்பெனிக் கணக்கோடு விஷயம் முடியாது. குடியிருக்கும் வீடு வரைக்கும் வரும்.

இதனால்தான் குடும்ப நிறுவனத்தில் தலைவர் பதவி என்பது விசிட்டிங் கார்டில் போடும் பட்டம் மட்டுமில்லை. பெரிய டெண்டர் ஒன்றில் எஸ்டிமேட் தப்பாகப் போனால், பங்குச் சந்தை நிறுவனத்தில் தலைமைச் செயல் அதிகாரிக்கு வேலை போகும். குடும்ப நிறுவனத்தில் அப்பா சேர்த்த சொத்து போகும். பாண்டு நிறுவனமும் அரசும் இதை ஒரு பலமாகவே பார்க்கின்றன. 'இவங்க ஓடிப் போக மாட்டாங்க' என்ற நம்பிக்கை அது.

இரண்டாவது காரணம் அனுபவம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டும்வரை முழுசாகத் தெரியாது. பத்தடி என்று வரைபடம் சொல்லும், விஷம் இருபதடி வரை போயிருக்கும். இந்த நிச்சயமின்மைக்கு விலை போடத் தெரிந்தவர்தான் எஸ்டிமேட்டர். அடுத்த தலைமுறையை முதலில் சைட்டில் கூலி வேலைக்கும், பிறகு எஸ்டிமேட் மேஜைக்கும் அனுப்புவது இந்தத் தொழிலில் பழகிய வழி. எம்.பி.ஏ. படித்துவிட்டு நேராக முதலாளி நாற்காலியில் உட்காரும் வாரிசைப் பார்த்தால் சைட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

மேஜையைச் சுற்றி யார் யார்?

தலைவர், அவருடைய சகோதரர் அல்லது பிள்ளைகள், நிதி அதிகாரி, இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நிறுவனத்தின் அறிமுகப் பக்கத்தில் புகைப்படத்தோடு இருப்பது பெரும்பாலும் இவர்கள்தான். நச்சு மண் வேலையின் தலைவிதியைத் தீர்மானிக்கும் வேறு மூன்று பேர், படத்தில் கடைசி வரிசையில் நிற்பார்கள். சில சமயம் படத்திலேயே இருக்க மாட்டார்கள்.

ஒருவர், சைட்டின் பாதுகாப்பு அதிகாரி. அமெரிக்காவில் நச்சுக் கழிவு இடத்தில் வழக்கமாக வேலை செய்யும் தொழிலாளி முதலில் 40 மணி நேர வகுப்பும், மூன்று நாள் கண்காணிப்பில் களப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் என்றால் கூடுதலாக 8 மணி நேரம். அதற்குமேல் வருஷா வருஷம் 8 மணி நேரப் புதுப்பிப்பு வகுப்பு. இது தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் விதி. முதலாளி வீட்டுப் பிள்ளை சைட்டில் இறங்கினாலும் இதே விதிதான். காற்றில் ரசாயன அளவு கூடினால் வேலையை அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இவரிடம் இருக்க வேண்டும்.

காகிதத்தில் இருக்கிறது, சரி. ஆனால் சைட் சூப்பரிண்டெண்டென்ட் முதலாளியின் மகனாக இருந்து, பாதுகாப்பு அதிகாரி சம்பளத்துக்கு வந்தவராக இருந்தால்? வாடகைக்கு எடுத்த இயந்திரங்கள் ஒரு நாள் சும்மா நின்றாலும் பணம் கரையும். 'மெஷினை நிறுத்துங்க' என்று சொல்ல அவருக்குத் தைரியம் வருமா? குடும்ப நிறுவனத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? சைட் பொறுப்பாளருக்குக் கீழே என்றால் அவர் பதவி அலங்காரம். நேராகத் தலைமை அலுவலகத்துக்கு என்றால் அவர் பேச்சு எடுபடும்.

இன்னொருவர், தரக் கட்டுப்பாட்டு மேலாளர். தோண்டிய குழியின் அடியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, 'இங்கே சுத்தம், மூடலாம்' என்று சொல்லும் வேலை இவருடையது. இவர் தப்பு செய்தால் விஷம் உள்ளேயே இருக்கும், மேலே புல் முளைக்கும். அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை தனது ஒப்பந்தங்களில் இந்தப் பதவிக்கென்றே விரிவான விதிகள் வைத்திருக்கிறது.

மூன்றாமவர்தான் மேன்வில் கதையின் மையம்: துணை ஒப்பந்தங்களைக் கொடுப்பவர்.

மேன்வில்லில் என்ன நடந்தது?

முதன்மைக் காண்ட்ராக்டர் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. லாரி ஒருவர், மாற்று மண் ஒருவர், கழிவுநீர் சுத்திகரிப்பு ஒருவர், நச்சு மண்ணை வாங்கிச் சூளையில் சுடுபவர் இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் மூடிய உறையில் விலை கேட்க வேண்டும். குறைந்த விலைக்கும் தகுதிக்கும் வேலை போக வேண்டும். அந்த உறைகள் வந்து சேரும் இடம் சைட்டில் இருக்கும் ஒரு தற்காலிக அலுவலகம். குடும்பமோ பல மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில், நயாகரா ஃபால்ஸில்.

அமெரிக்க நீதித்துறை நீதிமன்றத்தில் நிரூபித்தது இதுதான். முதன்மைக் காண்ட்ராக்டரின் திட்ட மேலாளர், மற்ற நிறுவனங்கள் கொடுத்த விலையைத் தனக்கு வேண்டிய துணைக் காண்ட்ராக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் விலையை வைத்தார்கள். உதாரணத்துக்கு, ஒருவர் டன்னுக்கு 100 டாலருக்கே செய்யத் தயாராக இருக்கிறார், அடுத்த போட்டியாளர் கேட்டிருப்பது 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் அவர் 100 ஏன் கேட்கப் போகிறார்? 129 கேட்பார். போட்டியில் ஜெயித்த மாதிரியும் இருக்கும், நடுவில் இருக்கும் 29 டாலரில் கமிஷனும் கொடுக்கலாம். நம்ம ஊர் டெண்டர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கமிஷன் பணமாகவும் வந்தது, பொருளாகவும் வந்தது. பெயருக்கு ஒரு நிறுவனத்தை உருவாக்கி அதன் கணக்குக்குப் பணம் அனுப்பப்பட்டது. கப்பல் உல்லாசப் பயணம், வீட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் என்றும் பட்டியல் நீண்டது. மண்ணை வாங்கிச் சூளையில் சுத்திகரித்த கனடா நாட்டு நிறுவனம் மட்டும் கொடுத்தது பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி கனடாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு, 2016-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை.

திட்ட மேலாளருக்கு 2014-ல் கிடைத்த 14 ஆண்டு தண்டனை, இந்த வகைக் குற்றத்துக்கு மிகக் கடுமையானது. நியூவார்க் நகரில் இருந்த டயமண்ட் அல்கலி என்ற இன்னொரு நச்சு இடத்திலும் அவர் இதே வேலையைச் செய்திருந்தது அதே வழக்கில் நிரூபிக்கப்பட்டது. முதன்மைக் காண்ட்ராக்டரிடம் ஒப்பந்த நிர்வாகம் பார்த்த இன்னொருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பணம் யாருடையது?

அரசுடையது. மேன்வில் வேலைக்கான பணத்தைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்தது, வேலையைப் பொறியாளர் படை மேற்பார்வையிட்டது. துணைக் காண்ட்ராக்டர் கூட்டிப் போட்ட பில், முதன்மைக் காண்ட்ராக்டர் வழியாக அரசுக்கே போனது. இந்த ஏற்பாட்டில் இருக்கும் ஆபத்தைக் கவனிக்க வேண்டும். விலை கூடினால் தன் கையைக் கடிக்கும் என்றால் முதலாளி ஒவ்வொரு பில்லையும் நோண்டிப் பார்ப்பார். கூடிய விலை அரசின் தலையில்தான் விடியும் என்றால், நேர்மையான முதலாளிகூட அவ்வளவு கூர்ந்து பார்க்க மாட்டார். திருட வந்தவருக்கு அந்த அலட்சியமே போதும்.

பின்னர் செவன்சன் நிறுவனமும் அரசுக்கு 27.2 லட்சம் டாலர் கொடுத்து, தன் மீதான உரிமையியல் புகார்களை முடித்துக்கொண்டது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது சமரசம்; நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. செவன்சனில் இருந்து சிறைத் தண்டனை வாங்கிய அந்தத் திட்ட மேலாளர் சம்பளத்துக்கு வந்த அதிகாரி. ஆனால் செக்கில் இருந்த பெயர் குடும்பத்தின் நிறுவனத்துடையது.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இரண்டு கருவிகள் வைத்திருக்கிறது. ஒன்று, அரசு ஒப்பந்தங்களில் கமிஷன் வாங்குவதைத் தடுக்கும் 1986-ம் ஆண்டுச் சட்டம். இன்னொன்று, உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு மட்டமான சரக்கு விற்றவர்களைப் பிடிக்க 1863-ல் கொண்டுவந்த பொய்க் கோரிக்கைச் சட்டம். அரசிடம் பொய் பில் போட்டால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சட்டம்தான் இன்றும் காண்ட்ராக்டர்கள் அதிகம் பயப்படும் சட்டம்.

அப்படியானால் விஷத்தைக் கொட்டியவர்?

அவரைத் தேடிய கதை தனி. மேன்வில் ஆலை கை மாறிக் கை மாறிக் கடைசியில் கெர்-மக்கீ என்ற எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பில் வந்து நின்றது. அந்த நிறுவனம் தன் பழைய நச்சுக் கடன்களையெல்லாம் ட்ரோனாக்ஸ் என்ற புது நிறுவனத்தின் தலையில் கட்டிப் பிரித்துவிட்டது. ட்ரோனாக்ஸ் திவாலானது. நீதிமன்றம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கெர்-மக்கீயை வாங்கியிருந்த அனடார்கோ நிறுவனம் 2014-ல் 515 கோடி டாலருக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதில் மேன்வில்லின் பங்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல். பெரிய கம்பெனிகள் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டே போன அதே காலத்தில், மண்ணை அள்ள வந்த குடும்பத்தின் பெயர் மட்டும் மாறவில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்தியாவுக்கு இது ஏன் இப்போது தேவை?

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை அடையாளம் காண்பது, ஆய்வு செய்வது, மாசுபடுத்தியவரிடமே சுத்தப்படுத்தும் செலவை வசூலிப்பது என்று ஒரு நடைமுறை முதல்முறையாக வந்திருக்கிறது. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவு, அதே ஆண்டுதான் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். இனி இந்த மாதிரி வேலைகளுக்கு டெண்டர்கள் வரும். எடுக்க வருபவர்களில் குடும்ப நிறுவனங்களும் இருக்கும்.

அப்போது ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? 'சுத்தமாகிவிட்டது' என்று கையெழுத்துப் போடுபவர் காண்ட்ராக்டரின் ஆளா, வெளியாளா? துணை ஒப்பந்த உறைகளைத் திறக்கும்போது சைட் மேலாளர் தவிர வேறு யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? லாரி எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற ரசீது இரண்டு முனையிலும் ஒத்துப் போகிறதா? முதலாளி யார், எத்தனையாவது தலைமுறை என்பது இவற்றுக்கெல்லாம் பிறகு கேட்டாலும் போதும்.

செவன்சனின் சொந்த ஊரில், லவ் கெனால் 2004-ல் சூப்பர்ஃபண்ட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அந்தக் கழிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மேலே களிமண் மூடி, சுற்றிலும் கம்பி வேலி. கசியும் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பொறுப்பு, ஹூக்கரை வாங்கிய ஆக்சிடென்டல் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த இறைப்புக்கு முடிவு தேதி கிடையாது.